குமரி மாவட்டத்திலிருந்து நுண்ணோக்கி ஆராய்ச்சிக்கு: ஸ்லைடில் தொடங்கி செம் வரை

செம் (ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்), டெம் (டிரான்ஸ்மிஷன் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்), கான்ஃபோக்கல் (லேசர் மைக்ரோஸ்கோப்) என்று பயோடேட்டாவில் வரிசையாக எழுதியிருப்பவரிடம் தேர்வுக்குழு முதலில் கேட்பது பெரும்பாலும் அந்தக் கருவிகளைப் பற்றி இருக்காது. "இந்தப் படத்தில் ஸ்கேல் பார் எப்படி வந்தது?", "சாம்பிளை எப்படிக் காயவைத்தீர்கள்?" என்றுதான் கேள்வி வரும். (ஸ்கேல் பார் என்பது படத்தின் மேல் அளவைக் காட்டும் கோடு.) இவை இரண்டுக்கும் தடுமாறாமல் பதில் சொல்பவருக்குக் கருவியின் பொத்தான்களைச் சில வாரங்களில் பழக்கிவிடலாம். தடுமாறுபவரிடம் கோடிக்கணக்கான ரூபாய்க் கருவியை நம்பி ஒப்படைக்க யாருக்கும் மனம் வராது. நல்லவேளையாக, இந்த இரண்டையும் நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்துக் கல்லூரி லேபில் இருக்கும் சாதாரண மைக்ரோஸ்கோப்பிலேயே கற்கலாம். பெரிய கருவிக்கு அதன்பிறகு பஸ் ஏறினால் போதும்.

கல்லூரி லேபில் தொடங்குங்கள்

மாணவர் மைக்ரோஸ்கோப்பில் வழக்கமாக 4, 10, 40, 100 மடங்கு ஆப்ஜெக்டிவ் லென்ஸ்கள் இருக்கும். மடங்கு எண்ணுக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண் பொறித்திருக்கும்: 0.10, 0.25, 0.65, 1.25. இதுதான் நியூமரிக்கல் அபெர்ச்சர். எவ்வளவு நுட்பமாகப் பிரித்துப் பார்க்கலாம் என்பதைத் தீர்மானிப்பது இந்த எண்; மடங்கு அல்ல. ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873இல் சொன்ன கணக்கு எளிது. ஒளியின் அலைநீளத்தை இந்த எண்ணின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். பச்சை ஒளிக்கு 550 நானோமீட்டர் என்று வைத்தால், 40 மடங்கு லென்ஸில் ஏறக்குறைய 420 நானோமீட்டர், 100 மடங்கு எண்ணெய் லென்ஸில் 220 நானோமீட்டர். அதற்கும் நெருக்கமான இரண்டு புள்ளிகள் ஒன்றாகவே தெரியும். போனில் படமெடுத்து எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்கல்தான் பெரிதாகும்.

அதே லென்ஸில் 0.17 என்றும் பொறித்திருக்கும். சாம்பிளை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப் 0.17 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும் என்று பொருள். வாங்கும்போது 1.5 எண் கவர் ஸ்லிப் என்று கேளுங்கள். மலிவான பெட்டிகளில் தடிமன் ஒரே சீராக இருக்காது. 40 மடங்கில் படம் பால்படிந்ததுபோல் இருந்தால் முதல் சந்தேகம் கவர் ஸ்லிப்பின் மேல், இரண்டாவது சந்தேகம் லென்ஸில் ஒட்டிய எண்ணெயின் மேல். 100 மடங்கில் எண்ணெய் விட்டுப் பார்த்துவிட்டு அப்படியே 40க்குத் திருப்புவதுதான் எல்லாக் கல்லூரிகளிலும் நடக்கும் தவறு. எண்ணெய் விட்டபின் அப்படியே 40க்குத் திரும்பவே கூடாது. ஸ்லைடைத் துடைத்த பிறகே திரும்ப வேண்டும். 10 மடங்கில் தெளிவாகத் தெரிந்தது 40இல் எப்படியும் குவியவில்லை என்றால், ஸ்லைடு தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லைடின் தடிமன் 1 மில்லிமீட்டர். 40 மடங்கு லென்ஸுக்கும் கவர் ஸ்லிப்புக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி அதைவிடக் குறைவு. லென்ஸ் கண்ணாடியில் இடிக்கும், குவியாது.

விளக்கொளியைச் சரிசெய்வதை யாரும் கற்றுத்தருவதில்லை, ஆனால் படத்தின் தரத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. அடிப்பகுதியில் ஒளிவட்டத்தைச் சுருக்கும் வளையம் இருந்தால் அதை முழுக்க மூடி, கண்டென்சரை (ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) மேலும் கீழும் நகர்த்தி வட்டத்தின் ஓரம் கூர்மையாகத் தெரியும்வரை வையுங்கள். வட்டத்தை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு காட்சிப்புலத்துக்கு வெளியே ஓரம் மறையும் அளவு மட்டும் திறங்கள். கண் லென்ஸைக் கழற்றிக் குழாய்க்குள் பார்த்தால் ஓர் ஒளிவட்டு தெரியும். கண்டென்சர் துளையை அந்த வட்டில் முக்கால் பங்கு ஒளிரும்படி வையுங்கள். அகஸ்ட் கோலர் 1893இல் வகுத்த முறை இது, இன்றும் மாறவில்லை. அந்த வளையமே இல்லாத மைக்ரோஸ்கோப் என்றால் கண்டென்சரை மேலேற்றி வைத்துத் துளையை மட்டும் சரிசெய்யுங்கள். வெளிச்சம் அதிகமாக இருக்கிறது என்று கண்டென்சரைக் கீழே இறக்குவது தவறு. பிரித்துக்காட்டும் திறன் போய்விடும். விளக்கின் அளவைக் குறையுங்கள்.

அடுத்தது அளவீடு. ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் என்பது 1 மில்லிமீட்டரை 100 பிரிவாகக் கோடிட்ட ஸ்லைடு. ஒரு பிரிவு 10 மைக்ரான். கண் லென்ஸுக்குள் இருக்கும் அளவுகோலின் 40 பிரிவுகள் 40 மடங்கில் ஸ்லைடின் 10 பிரிவுகளோடு பொருந்தினால், 100 மைக்ரானை 40ஆல் வகுக்க ஒரு பிரிவு 2.5 மைக்ரான். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாகச் செய்து தேதியோடு எழுதி மைக்ரோஸ்கோப்பிலேயே ஒட்டிவிடுங்கள். கேமரா என்றால் அதே ஸ்லைடைப் படமெடுத்து பிக்சலை எண்ண வேண்டும். 500 மைக்ரான் தூரம் 1,450 பிக்சல் வந்தால் ஒரு பிக்சல் 0.345 மைக்ரான். இமேஜ்ஜே அல்லது ஃபிஜி மென்பொருள் இலவசம். செட் ஸ்கேலில் இந்த எண்ணைக் கொடுத்துவிட்டு, ஸ்கேல் பார் கட்டளையால் கோட்டைப் படத்தில் பதிக்கலாம். போன் கேமராவில் எடுத்தால் ஜூமைத் தொடாதீர்கள். ஒரு படத்தில் ஜூம் மாறினால் அந்த அளவீடு செல்லாது. கோப்பை டிஃப் வடிவில் சேமியுங்கள், ஜேபெக்கில் மட்டும் வைத்திருந்தால் சுருக்கத்தின் கட்டங்களையே அமைப்பு என்று நினைக்க நேரும்.

நம்மூர்ப் பொருட்களில் பயிற்சி

மரச்சீனிக் கிழங்கை வெட்டிய பரப்பை ஸ்லைடில் ஒற்றி, ஒரு சொட்டு நீர் விட்டு, கவர் ஸ்லிப்பை 45 டிகிரி சாய்வில் மெல்ல இறக்குங்கள். ஒரேயடியாகத் தட்டையாகப் போட்டால் காற்றுக்குமிழி சிக்கும். கருத்த தடித்த ஓரம் உள்ள வட்டம் எல்லாம் குமிழிதான், செல் அல்ல. இனி பழைய கால்குலேட்டர் திரையிலிருந்து உரித்த போலராய்டு தாளில் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) ஒரு துண்டைக் கண்டென்சருக்குக் கீழும் ஒன்றைக் கண் லென்ஸின் மேலும் வைத்து, பின்புலம் இருளும்வரை ஒன்றைச் சுழற்றுங்கள். மாவுமணி ஒவ்வொன்றிலும் ஒரு கருஞ்சிலுவை தெரியும். சேம்பில் இதையே செய்தால் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஒளிரும். நாக்கு அரிப்பதன் காரணம் கண்முன்னே. பிளாஸ்டிக் தட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், பிளாஸ்டிக்கே வண்ணவண்ணமாக மின்னும். 200 மாவுமணிகளை அளந்து வரைபடம் போட்டுவிட்டால் அது ஒரு முழுமையான சிறு ஆய்வு. ஒட்டிக்கொண்டிருக்கும் மணிகளை மென்பொருள் ஒரே மணியாக எண்ணும், அதனால் வாட்டர்ஷெட் கட்டளையால் பிரித்த பிறகும் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள்.

மணக்குடிக் காயலில் கல்லில் படிந்த பழுப்புப் படலத்தைச் சுரண்டினால் டயட்டம் என்ற ஒற்றைச்செல் பாசி கிடைக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடில் கரிமப் பொருளை நீக்கிவிட்டுப் பார்த்தால் சிலிக்கா ஓடு மட்டும் நிற்கும். ப்ளூரோசிக்மா இனத்தில் சிலவற்றின் கோடுகள் ஏறத்தாழ அரை மைக்ரான் இடைவெளியில் இருக்கும். உங்கள் 40 மடங்கு லென்ஸ் அந்தக் கோடுகளைப் பிரித்துக் காட்டினால் லென்ஸும் நீங்கள் வைத்த விளக்கொளியும் சரி. பெராக்சைடைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது, சூடாக்கினால் பொங்கும்.

ஒரு குறுக்குப்பேச்சு: தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. லென்ஸில் பூஞ்சை பிடிக்காத கல்லூரி அரிது. சிலந்திவலை போன்ற இழை லென்ஸுக்குள் தெரிந்தால் அது கண்ணாடிப் பூச்சையே அரிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மைக்ரோஸ்கோப்பை உறைபோட்டு மூடி அலமாரிக்குள் வைப்பது ஈரத்தை உள்ளேயே அடைத்துவைப்பதுதான். சிலிக்கா ஜெல் பை வைத்து, நிறம் மாறியதும் அடுப்பில் உலர்த்தி மறுபடி வையுங்கள். முன்பெல்லாம் அலமாரிக்குள் 15 வாட் குண்டு பல்பு எரியவிடுவார்கள். அதை எல்இடியாக மாற்றியவுடன் சூடு போய், பூஞ்சை திரும்ப வந்தது.

கருமணல்: பொருளியல் பக்கம் போகிறவர்களுக்கு

1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். தேடிவந்த இடம் மணவாளக்குறிச்சி. இன்று அங்கே ஐஆர்இஎல் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் ஆலை இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் என்று பிரித்தெடுக்கிறது. பயிற்சிக்கு இதைவிட நல்ல மணல் கிடைப்பது கடினம். ஆனால் மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அது அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. கடற்கரையில் தானாக அள்ளிக்கொண்டு வராமல், துறைத்தலைவர் வழியாக அனுமதியோடு சில கிராம் மட்டும் பெறுங்கள்.

முதலில் ஒளி நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம். மணலை ஸ்லைடில் தூவி ஒரு சொட்டு கிராம்பு எண்ணெயில் நனையுங்கள். அதன் ஒளிவிலகல் எண் கண்ணாடிக்கு நெருக்கமானது. மணியின் ஓரத்துக் கருநிழல் குறையும். (மாறாமலைக் கிராம்பு விளையும் ஊரில் இதற்குப் பஞ்சமில்லை. லென்ஸில் மட்டும் படக்கூடாது, ஒட்டுப்பசையைக் கரைக்கும்.) போலராய்டு இரண்டையும் குறுக்காக வைத்தால், இளஞ்சிவப்புக் கார்னெட் கருத்துவிடும், ஸ்லைடை எப்படித் திருப்பினாலும் கருப்புதான். சிர்கான் பளபளவென்று நிறம் காட்டும். இல்மனைட் போலராய்டு இல்லாமலே கருப்பு.

இதே மணலை செம்முக்கு எடுத்துப்போகும்போது தவறுகள் வரிசையாக வரும். கடல் மணலைக் காய்ச்சி வடித்த நீரில் மூன்று நான்கு முறை கழுவி, 60 டிகிரியில் உலர்த்துங்கள். கழுவாவிட்டால் உப்பு காய்ந்து கனசதுரப் படிகங்களாக நிற்கும். அதை "நானோ கியூப்" என்று ஆய்வேட்டில் எழுதிவிட்டு, சோடியமும் குளோரினும் ஏன் வருகின்றன என்று திகைப்பவர்கள் உண்டு. மேக்னடைட், இல்மனைட் இருப்பதைக் கருவி இயக்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில செம்களின் லென்ஸ் சாம்பிள் மேலேயே காந்தப்புலத்தை வீசும். ஒட்டாத மணி எழும்பி லென்ஸுக்குள் போய்விடும். அந்தப் பழுதுக்குப் பிறகு உங்கள் கல்லூரி பெயரைச் சொன்னாலே ஸ்லாட் கிடைக்காது. கார்பன் டேப்பில் சிட்டிகைக்கும் குறைவாகத் தூவி, தட்டி, காற்றடித்து, ஒட்டாததை உதிர்த்த பிறகே கொடுங்கள். அளவுக்கணக்கு வேண்டுமென்றால் மணலை ரெசினில் பதித்து, 1 மைக்ரான் வைரப் பசைவரை மெருகேற்ற வேண்டும்.

இப்போது பூச்சு. மின்னேற்றம் சேராமலிருக்க வழக்கமாகத் தங்கம் பூசுவார்கள். ஆனால் எக்ஸ்கதிரை வைத்துத் தனிமங்களைக் காணும் இடிஎஸ்ஸில் மோனசைட்டின் பாஸ்பரஸ் 2.01 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வரும், சிர்கானின் சிர்கோனியம் 2.04இல், பூசிய தங்கம் 2.12இல். மூன்றும் ஒரே மேடாகக் கலந்துவிடும். மென்பொருள் ஏதோ ஒன்றைச் சொல்லும், நீங்களும் நம்பி எழுதிவிடுவீர்கள். ஆகவே மணவாளக்குறிச்சி மணலுக்குக் கார்பன் பூச்சு என்று கேட்டு வாங்குங்கள். சிர்கோனியத்தை உறுதிசெய்ய 15.8இல் இன்னொரு கோடு உண்டு, அதைத் தூண்ட 25 முதல் 30 கிலோவோல்ட் வேண்டும். மோனசைட் என்றால் சீரியம், லாந்தனம், தோரியம் சேர்ந்தே தெரியவேண்டும். மேலும், எலக்ட்ரான் கற்றை உள்ளே இறங்கிப் பரவுவதால் இந்த அளவீடு ஒரு மைக்ரானுக்கும் மேற்பட்ட பருமனிலிருந்து வருகிறது. 200 நானோமீட்டர் துகளைக் குறிவைத்தால் அடியில் இருக்கும் டேப்பின் கார்பன்தான் பாதி கணக்கில் ஏறும்.

உயிரியல் பக்கம் போகிறவர்களுக்கு

செம்முக்குள் வெற்றிடம். ஈரமான எதுவும் சுருங்கிப்போகும் என்பதால் முழு வேலையும் நீரை நீக்குவதுதான். அதற்கு முன் செல் உருக்குலையாமல் நிலைநிறுத்த வேண்டும்: 25 சதவீத குளூட்டரால்டிஹைடில் 1 பங்கோடு 9 பங்கு 0.1 மோலார் பாஸ்பேட் பஃபர் (அமிலகார எண் மாறாமல் வைக்கும் கரைசல்) சேர்த்தால் 2.5 சதவீதம் கிடைக்கும். அமிலகார எண் 7.2 முதல் 7.4. சாம்பிளை 4 டிகிரியில் ஓர் இரவு வைத்து, பஃபரில் மூன்று முறை பத்துப்பத்து நிமிடம் கழுவி, 30, 50, 70, 90, 100 சதவீத எத்தனாலில் ஒவ்வொன்றிலும் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். 100 சதவீதம் இரண்டு முறை. திறந்து நாளான பாட்டில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்திருக்கும், புதிதாகத் திறந்ததையே பயன்படுத்துங்கள். கடைசியில் கார்பன் டைஆக்சைடைக் கொண்டு கிரிட்டிக்கல் பாயிண்ட் உலர்த்தல் (திரவத்தின் மேற்பரப்பு இழுவிசை சாம்பிளைச் சுருக்காமல் உலர்த்தும் முறை). ஆஸ்மியம் டெட்ராக்சைடு தேவைப்பட்டால் ஃபியூம் ஹூடுக்குள் அனுபவமுள்ளவர் கையால் மட்டும். அதன் ஆவி கண்ணைத் தாக்கும்.

முட்டம் பாறையில் எடுத்த கடற்பாசிக்கோ, விழிஞ்ஞம் பக்கத்து மிதவையுயிரிக்கோ இதை அப்படியே செய்யக்கூடாது. கடல்நீரின் உப்புச்செறிவுக்குப் பழகிய செல் வெறும் பஃபரில் உப்பி வெடிக்கும், எனவே சர்க்கரை சேர்த்துச் செறிவைச் சமன்செய்ய வேண்டும். கடல்நீரும் பாஸ்பேட்டும் கலந்தால் கால்சியம், மக்னீசியம் பாஸ்பேட்டாக வீழ்படியும். படத்தில் மேற்பரப்பெங்கும் வெண்துகள் தெரியும். இதற்குக் கேகோடைலேட் பஃபர் ஏற்றது. அதில் ஆர்செனிக் இருப்பதால் கழிவைத் தொட்டியில் கொட்டக்கூடாது.

டெம்முக்கு 60 முதல் 90 நானோமீட்டர் தடிமனில் சீவ வேண்டும், வைரக்கத்தி வேண்டும், மாதக்கணக்கில் கைப்பழக்கம் வேண்டும். திசுப்பகுப்பாய்வு லேபில் 3 முதல் 5 மைக்ரான் பாரஃபின் சீவல் எடுத்துப் பழகிய லேப் டெக்னீஷியன்களுக்கு இந்தக் கை சீக்கிரம் வரும். அவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதேயில்லை.

எங்கே போவது

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் போகும் பஸ் பாப்பனங்கோட்டைத் தாண்டித்தான் போகும். அங்கே இருப்பது சிஎஸ்ஐஆர்-நிஸ்ட், பொருளியல் ஆய்வுக்கு அருகிலேயே உள்ள தேசிய ஆய்வகம். உயிரியலுக்கு ராஜீவ் காந்தி உயிர்தொழில்நுட்ப மையம், மருத்துவக் கருவிகளுக்கும் உடலில் பொருத்தும் பொருட்களுக்கும் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனம், இரண்டும் திருவனந்தபுரத்திலேயே. விதுராவில் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம்). கடல் உயிரிகளுக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ராஜாக்கமங்கலம் மையம் வீட்டுக்குப் பக்கம். கட்டணம் கட்டி சாம்பிள் மட்டும் பார்க்க வேண்டுமென்றால் கொச்சிப் பல்கலைக்கழக வளாகத்து ஸ்டிக், சென்னை ஐஐடியின் சைஃப் ஆகிய கருவி மையங்கள் வெளியாருக்கும் திறந்தவை. எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்பதை ஐ-ஸ்டெம் என்ற தேசிய இணையதளத்தில் தேடி முன்பதிவு செய்யலாம். இன்னும் தூரம் போகத் தயார் என்றால் பெங்களூரு ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் நிறுவனம்), உயிரியலுக்கு அங்கேயே என்சிபிஎஸ், ஹைதராபாத் சிசிஎம்பி, உலோகத்துக்குக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம்.

உள்ளே நுழையும் வழிகள் சில. இளங்கலையிலேயே அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஒரு லேபுக்குள் இருக்கலாம். நுழைவுத்தேர்வுகள்: எம்எஸ்சிக்கு ஜாம், ஆய்வுக்குச் சிஎஸ்ஐஆர் நெட், கேட், உயிரியலுக்கு ஜேஜீபில்ஸ். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுக்குப் பின் எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆனால் 42,000, வீட்டுவாடகைப் படி தனி. நெட் எழுதிக் காத்திருக்கும் காலத்தில் ப்ராஜெக்ட் அசோசியேட் வேலை நல்லது. ஆனால் விளம்பரத்தில் "கருவி பராமரிப்பு" என்று மட்டும் இருந்தால், ஆய்வுக்கட்டுரையில் பெயர் வருமா என்று சேரும்முன்பே கேளுங்கள்.

முனைவர் பட்டம் எல்லோருக்கும் தேவையில்லை. இமேஜிங் மையங்களில் டெக்னிக்கல் அசிஸ்டெண்ட், ஆபிசர் பணியிடங்கள் உண்டு. சைஸ், நிக்கான், லைகா, ஜியோல், தெர்மோ ஃபிஷர் போன்ற நிறுவனங்களில் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட், சர்வீஸ் இன்ஜினியர் வேலைகள் உண்டு. வெற்றிடப் பம்பும் உயர்மின்னழுத்தமும் புரிந்த மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் பட்டதாரிக்கு சர்வீஸ் இன்ஜினியர் வேலை சரியான வழி. பயணம் அதிகம் என்பதைத் தெரிந்தே சேருங்கள். பைத்தானில் படங்களை எண்ணவும் பிரிக்கவும் தெரிந்தவரை இப்போது இமேஜிங் மையங்களிலும் நிறுவனங்களிலும் தேடுகிறார்கள்.

வழிகாட்டிக்கு மெயில் எழுதும்போது "தங்கள் மேலான ஆய்வில் பங்குபெற" என்று தொடங்காதீர்கள். அவருடைய ஒரு கட்டுரையின் ஒரு படத்தைக் குறிப்பிட்டு, அதைப் போல நீங்கள் செய்ததை நான்கு வரியில் சொல்லி, மூன்று படங்களை இணையுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே லென்ஸ், நியூமரிக்கல் அபெர்ச்சர், ஒரு பிக்சலின் அளவு, சாம்பிள் தயாரித்த முறை. செம் என்றால் கிலோவோல்ட், பூச்சு, எந்த டிடெக்டர். வெளிச்சத்தையும் காண்ட்ராஸ்டையும் படம் முழுவதற்கும் ஒரே சீராக மாற்றியிருந்தால் அதையும் எழுதுங்கள். ஒரு மூலையை மட்டும் தெளிவாக்குவது மோசடியாகவே கருதப்படும். நேர்முகத்துக்குப் போகும்போது திருத்தாத மூலக் கோப்புகளைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள்; ஸ்டேஜ் மைக்ரோமீட்டரைப் படமெடுத்த கோப்பும் அதில் இருக்கட்டும்.